ஒரு நினைவகமும் இரு காவலரும்: பெருங்கணனித் தரவுத்தளங்களின் வரலாற்றில் ஒரு நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தப் பொறி வந்தது, அது ஒரு செக்கனில் எத்தனை அறிவுறுத்தல்களை நிறைவேற்றியது என்னும் பட்டியல்களே அவ்வரலாற்றின் உடலாக அமைகின்றன. ஆயின், வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பெருங்கணனிகளைப் பராமரித்தோர் கண்ட வரலாறு வேறானது. பழையதைவிட விரைவான பொறி வந்த பின்னரும், முனையத்தின் முன் அமர்ந்த எழுதுவினைஞர் ஒரு கணக்கின் மீதியை அறிய நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. தரவுத்தளத்துக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் கூட்டினால் நோய் தீரும் எனக் கருதிக் கூட்டியபோது நோய் முற்றியதும் உண்டு. இதற்குக் காரணம் பொறியின் வலுவின்மை அன்று. ஒரே நினைவகத்தின்மீது இரு காவலர், ஒருவர் செயலை மற்றவர் அறியாது, ஆட்சி செலுத்தியமையே காரணமாகும். அவ்விருவருள் ஒருவர் பணிசெயல் முறைமை. மற்றவர் தரவுத்தள முகாமை முறைமை. இருவரும் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவர்கள் என்பது முதலில் நோக்கற்பாலது.

முதலாமவரின் பிறப்பிடம் மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகம் எனலாம். 1962ஆம் ஆண்டு திசெம்பரில் அங்கு தொடக்கி வைக்கப்பட்ட அற்லஸ் கணனியின் காந்த உள்ளக நினைவகம் 16,384 சொற்களையே கொண்டது. அதன் உருளைச் சேமிப்போ 98,304 சொற்களைக் கொண்டிருந்தது. அதுவரை, செய்நிரலின் எப்பகுதி எப்போது உருளையிலிருந்து உள்ளகத்துக்கு வரவேண்டும் என்பதைச் செய்நிரல் எழுதுவோரே திட்டமிட வேண்டியிருந்தது. ரொம் கில்பேர்ணும் அவர்தம் குழுவினரும் இச்சுமையைப் பொறியிடமே ஒப்படைத்தனர். நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. உள்ளகத்தில் 32 பக்கங்கள் இடம்பெறலாம். இல்லாத பக்கம் ஒன்று வேண்டப்படின் பொறி தானே அதனை உருளையிலிருந்து கொணரும். அதற்கு இடமளிக்க எப்பக்கத்தை வெளியேற்றுவது என்பதை, பக்கங்கள் முன்னர் பயன்பட்ட முறையைக் கண்டறிந்து தீர்மானிக்கும். செய்நிரல் எழுதுவோருக்கு இரு சேமிப்புகளும் ஒரே பெருஞ்சேமிப்பாகத் தோன்றின. உண்மை நினைவகத்தின் எல்லையை மறந்துவிடலாம் என்பதே மெய்நிகர் நினைவகம் எனப் பின்னர் வழங்கிய இம்முறையின் கொடை. பிற்காலத்து இடர்கள் பலவும் இம்மறதியிலிருந்தே முளைத்தன.

மறதியின் விலையை முதலில் தெளிவாக விளக்கியவர் பீற்றர் டெனிங். பல செய்நிரல்கள் ஒரே வேளையில் நினைவகத்தைப் பகிரும்போது, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பக்கத்துக்காக மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்றும். வெளியேற்றப்பட்டது மறுகணமே மீண்டும் வேண்டப்படும். எல்லாச் செய்நிரல்களும் பக்கங்களுக்காகக் காத்திருக்க, மத்திய செயலகம் வேலையின்றி இருக்கும். செயலகம் ஓய்ந்திருப்பதைக் காணும் பணிசெயல் முறைமை, வேலை போதவில்லை எனக் கருதி மேலும் செய்நிரல்களை உள்ளே அழைப்பின் நிலைமை முற்றாகச் சீர்குலையும். இவ்வலைக்கழிவின் காரணத்தை 1968ஆம் ஆண்டில் டெனிங் ஆராய்ந்தார். ஒரு செய்நிரல் அண்மைக்காலத்தில் தொட்ட பக்கங்களின் தொகுதியை அதன் 'செயற்தொகுதி' எனக் கொண்டு, அத்தொகுதிக்கு இடமிருந்தாலன்றி அச்செய்நிரலை இயங்கவிடலாகாது என அவர் வகுத்தார். அறிகுறி தோன்றும் இடமும் நோய் இருக்கும் இடமும் வேறு என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாம் காவலரின் கதை சந்திரப் பயணத்தோடு தொடர்புடையது. அப்பலோத் திட்டத்தின் சற்றேண் 5 ரொக்கெற்று இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டது. எந்த உறுப்பு எதனுள் அடங்குகிறது என்ற பட்டியலைப் பேணுவதற்காக 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் பிற தொழில் நிறுவனங்களோடு இணைந்து ஒரு முறைமையை அமைக்கத் தொடங்கியது. ஐ.எம்.எஸ். எனப் பின்னர் பெயர்பெற்ற அது, 1968 ஓகத்து 14ஆம் நாள் கலிபோர்ணியாவின் டௌனி நகரில் தான் ஆயத்தம் என்னும் முதற் செய்தியை முனையத்தில் அச்சிட்டது. நிலவில் மனிதன் கால்வைத்த கதையை எழுதுவோர் இப்பட்டியலை நினைப்பதில்லை. ஆணிகளின் கணக்குச் சரியாக இல்லாத ரொக்கெற்று எழும்பாது என்பதைப் பொறியியலாளர் அறிவர்.

இத்தகைய முறைமை வட்டிலுள்ள தரவுகளை ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்துக்கொண்டிருக்க இயலாது. 1970இல் வெளியான ஐ.பி.எம். 3330 வட்டில் வாசிப்பு முனை உரிய தடத்தை அடையச் சராசரி 30 மில்லிசெக்கனும், வட்டு உரிய இடத்துக்குச் சுழன்றுவர மேலும் ஏறத்தாழ 8 மில்லிசெக்கனும் தேவைப்பட்டன. செக்கனுக்குப் பத்து இலட்சம் அறிவுறுத்தல்களை நிறைவேற்றும் பொறி அவ்விடைவேளையில் 38,000 அறிவுறுத்தல்களை முடித்துவிடும். எனவே ஒருமுறை வாசித்த பக்கங்களைத் தன் வசமுள்ள இடைத்தேக்கத்தில் வைத்திருப்பதும், இடம் போதாதவிடத்து நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை அகற்றுவதும் தரவுத்தள முறைமையின் வழக்கமாயின. இது பணிசெயல் முறைமை செய்யும் அதே வேலைதான். முந்திய 360 வரிசைப் பொறிகளுட் பெரும்பாலானவற்றில் மெய்நிகர் நினைவகம் இல்லாமையால் இருவருக்கும் மோதல் எழவில்லை. 1972 ஓகத்து 2ஆம் நாள் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை ஐ.பி.எம். அறிவித்தது. அதன் பின்னர் இடைத்தேக்கமே மெய்நிகர் நினைவகத்துள் அமைய நேர்ந்தது.

அதன் விளைவைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பயனர் ஒருவர் கேட்ட பதிவு இடைத்தேக்கத்தில் இல்லை எனக் கொள்வோம். தரவுத்தள முறைமை, நெடுநேரம் தொடப்படாத பக்கம் ஒன்றைத் தெரிந்து, அதன் இடத்தில் புதிய பக்கத்தை வாசிக்க முனைகிறது. ஆனால் நெடுநேரம் தொடப்படாத அப்பக்கத்தைப் பணிசெயல் முறைமையும் கவனித்திருக்கும். அதே காரணத்துக்காக அதனை உண்மை நினைவகத்திலிருந்து முன்னரே வட்டுக்கு அனுப்பியிருக்கும். இப்போது தரவுத்தளம் அவ்விடத்தைத் தொட்டதும், பணிசெயல் முறைமை பழைய பக்கத்தை வட்டிலிருந்து கொணர்ந்து வைக்கிறது. கொணர்ந்தது அழிப்பதற்காகவே. அதன்மேல் புதிய பக்கம் எழுதப்படுகிறது. ஒரு வாசிப்புப் போதிய இடத்தில் இரண்டு நிகழ்ந்தன. பழைய பக்கம் மாற்றப்பட்டதாயின் அதனைத் தரவுத்தளத்தில் எழுதும் செயலும் சேர மூன்றாகும். மெய்நிகர்ப் பொறியொன்றினுள் இன்னொரு பணிசெயல் முறைமை இயங்கும்போது எழும் இத்தகைய இரட்டைப் பக்கமாற்றத்தை 1974இல் கோல்ட்பேர்க், ஹசிங்கர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். தரவுத்தள இடைத்தேக்கங்களில் அது நிகழும் முறையை 1976இல் ஷேர்மன், பிறைஸ் ஆகியோரும் 1977இல் லாங், வூட், பெர்னாண்டஸ் ஆகியோரும் ஆராய்ந்தனர். உண்மை நினைவகத்தைக் கூட்டாது இடைத்தேக்கத்தை மட்டும் பெருப்பித்தால், ஓர் எல்லைக்கு அப்பால் மொத்த வட்டுச் செயல்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடும் என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

நோயைக் கண்டறிவது இதனினும் கடினம். தரவுத்தளம் தரும் அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். இடைத்தேக்கம் பெரிதாக இருப்பதால் கேட்ட பக்கங்களுட் பெரும்பாலானவை அங்கேயே கிடைத்ததாக அவ்வறிக்கை கூறும். அங்கே 'கிடைத்த' பக்கம் உண்மையில் வட்டில் கிடந்தது என்பதைத் தரவுத்தளம் அறியாது. இன்னொரு கேடும் உண்டு. தரவுத்தளம் தானே வட்டிடம் ஒரு பக்கத்தைக் கேட்டிருப்பின், அது வரும்வரை வேறொரு பயனரின் வேலையைக் கவனித்திருக்கும். பணிசெயல் முறைமை பக்கத்தைக் கொணரும்போதோ அப்பணி முழுவதும் நிறுத்தப்படுகிறது. அதனை நம்பி நின்ற பயனர் அனைவரும் காத்திருப்பர். ஆகையால் தரவுத்தளத்தின் கணக்கையும், பணிசெயல் முறைமையின் பக்கமாற்றங்களைக் காட்டும் ஆர்.எம்.எவ். போன்ற அளவீட்டு அறிக்கையையும் ஒரே காலப்பகுதிக்கு எடுத்து அருகருகே வைத்து வாசிப்பது பெருங்கணனி நிலையங்களில் இன்றியமையாததாயிற்று. தரவுத்தள நிருவாகியும் முறைமைச் செய்நிரலாளரும் தத்தம் அறிக்கையே சரியெனச் சாதிக்கும் நிலையத்தில் இந்நோய் வெளிப்படுவது அரிது. இரு அறிக்கைகளும் தம்மளவிற் பொய்யல்ல என்பதே இதிலுள்ள சிக்கல்.

இதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சன் ஹோசே ஆய்வுகூடம், எட்கர் கொட் 1970இல் வெளியிட்ட தொடர்புமுறைக் கோட்பாட்டை நடைமுறையில் நிறுவச் 'சிஸ்ரம் ஆர்' என்னும் முறைமையை அமைத்து வந்தது. ஆங்கு வேறொரு விசித்திர நோய் தோன்றியது. தரவுத்தளத்தின் பொதுப் பட்டியல்களை ஒரு வேளையில் ஒருவரே மாற்றுவதற்கெனப் பூட்டுகள் உள்ளன; அவை மிகச் சிறிது நேரமே பிடிக்கப்படுபவை. பூட்டைப் பிடித்த ஒரு பணி, பக்கம் இன்மையாலோ தன் நேரப்பங்கு முடிந்தமையாலோ நிறுத்தப்பட்டால் ஏனையவை அப்பூட்டின் பின்னால் வரிசையாக நிற்கும். நிறுத்தப்பட்ட பணி மீண்டு பூட்டை விடுவித்தாலும் வரிசை கலையாது. விடுவித்த பணி சிறிது நேரத்தில் அதே பூட்டை மீண்டும் வேண்டி வரிசையின் கடைசியில் சேரும். முறைமையின் நேரம் பணிகளை மாற்றி மாற்றி அழைப்பதிலேயே கழியும். 1979இல் பிளாஸ்கன், ஜிம் கிறே, மிற்றோமா, பிறைஸ் ஆகியோர் இதற்குத் 'தொடரணி' எனப் பெயரிட்டு எழுதினர். அவர்கள் கண்ட தீர்வு முறைவரிசையைக் கைவிடுவது: பூட்டை விடுவிக்கும்போது வரிசையில் முதலில் நிற்பவருக்கு அதனை வழங்காது, காத்திருக்கும் அனைவரையும் எழுப்பிப் பூட்டைத் திறந்தே விடுதல். நீதிக்கென ஏற்படுத்திய வரிசையே நெரிசலைப் பேணியது என்பது கவனிப்புக்குரியது. 1981இல் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர், சிறிய பொறியொன்றில் யுனிக்ஸ் முறைமையின்மீது தாம் அமைத்த இங்கிறெஸ் தரவுத்தளத்தை முன்வைத்து, பணிசெயல் முறைமைகள் வழங்கும் பொதுச் சேவைகள் தரவுத்தளத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை என முறையிட்டார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் சிக்கல் மறுபக்கமாகத் திரும்பியது. 1964இல் அறிவிக்கப்பட்ட 360 வரிசை, முகவரிக்கு 24 இரும இலக்கங்களை ஒதுக்கியிருந்தது. எனவே எச்செய்நிரலும் 16 மெகாபைற்றுக்கு அப்பால் நோக்க இயலாது. அப்பதினாறிலும் பணிசெயல் முறைமையின் பொதுப்பகுதி பெரும்பங்கைக் கொண்டது. பயனர் பெருகப் பொதுப்பகுதியும் பெருகி, தரவுத்தளத்துக்கு எஞ்சியது சுருங்கியது. உண்மை நினைவகத்தின் முகவரி 26 இரும இலக்கங்களாக விரிக்கப்பட்ட பின்னரும் செய்நிரலின் முகவரி 24இலேயே நின்றமையால், உண்மையை விடப் பெரிதாகத் தோன்றவென உருவான மெய்நிகர் நினைவகம் உண்மையை விடச் சிறிதாயிற்று. 1983இல் வழக்குக்கு வந்த எம்.வி.எஸ்./எக்ஸ்.ஏ. 31 இரும இலக்கங்களையும் 2 கிகாபைற் பரப்பையும் வழங்கியது. ஆனால் பழைய செய்நிரல்கள் முகவரியின் முன்னே வெறுமையாகக் கிடந்த எட்டு இலக்கங்களில் தத்தம் குறிகளை எழுதிப் பழகியிருந்தமையால், அவற்றைப் புதிய பரப்புக்கு நகர்த்துதல் எளிதாக அமையவில்லை.

நினைவகம் மலிந்தபோது, எதனை வைத்திருப்பது என்ற வினாவுக்கு ஜிம் கிறேயும் பிராங்கோ புற்சோலுவும் 1987இல் விலைக்கணக்கால் விடை தேடினர். அவர்கள் எடுத்துக்கொண்டது ரண்டெம் நிறுவனப் பொறிகளின் விலை. செக்கனுக்கு 15 அணுகல்களைத் தாங்கும் வட்டின் விலை ஏறத்தாழ 15,000 டொலர். செயலகச் செலவையும் சேர்த்தால் செக்கனுக்கு ஓர் அணுகல் 2,000 டொலர் பெறும். ஒரு கிலோபைற் நினைவகம் 5 டொலர். எனவே 400 செக்கனுக்கு ஒருமுறையேனும் தொடப்படும் ஒரு கிலோபைற் பதிவை நினைவகத்தில் வைத்திருப்பதே மலிவு. இதனையே அவர்கள் 'ஐந்து நிமிட விதி' என்றனர். விலைகள் மாற விதியின் எண்ணும் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

2000ஆம் ஆண்டில் ஐ.பி.எம். பெருங்கணனிகள் 64 இரும இலக்க முகவரிக்கு மாறின. 2004இல் வெளியான டி.பி.2 எட்டாம் பதிப்பு தன் இடைத்தேக்கங்களை 2 கிகாபைற் எல்லைக்கு மேலே கொண்டு சென்றது. அப்பதிப்பிலேயே, இடைத்தேக்கத்தின் பக்கங்களை உண்மை நினைவகத்தில் அசையாது பொருத்திவிடும் தெரிவு ஒன்றும் வழங்கப்பட்டது. ஒவ்வொரு வட்டுச் செயலின்போதும் பக்கத்தைப் பொருத்திப் பின் விடுவிக்கும் செலவைத் தவிர்ப்பதே அதன் நேர்நோக்கம். எனினும், பொருத்தப்பட்ட பக்கத்தைப் பணிசெயல் முறைமை வட்டுக்கு அனுப்ப இயலாது; அவ்வளவில் ஒரு காவலர் விலகிக்கொண்டார். அதே பொறியில் இயங்கும் ஏனைய பணிகளுக்கு எஞ்சும் நினைவகம் அதற்கேற்பக் குறையும். ஆகவே இத்தெரிவைக் கைக்கொள்ளுமுன் பொறியின் உண்மை நினைவகம் எவ்வளவு, பக்கமாற்றம் எவ்வளவு என்பதை நிருவாகி பணிசெயல் முறைமையின் அறிக்கையிலேயே பார்க்கவேண்டியுள்ளது.