எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னான மனநிலை மாற்றங்கள்

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின்னான மனநிலை மாற்றங்கள் என்பவை, உடற் பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையிலோ குடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் தோன்றும் மகிழ்ச்சி, சோர்வு, பதற்றம், எரிச்சல், துயரம் முதலிய உணர்ச்சி ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை உடலும் வாழ்க்கை முறையும் புதிய நிலைக்குப் பழகும்போது ஏற்படும் இயல்பான மாற்றங்கள் ஆகும். எனினும் சிலருக்கு இவை மருத்துவம் தேவைப்படும் உளச்சோர்வாகவும் தற்கொலை எண்ணமாகவும் மாறக்கூடும்.

பின்னணி

பருமனுக்கான குடல் அறுவைச் சிகிச்சை 1950களில் அமெரிக்காவில் தொடங்கியது. இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்துக் குடலுடன் இணைக்கும் பைபாஸ் முறையை 1960களில் எட்வர்ட் மேசன் அறிமுகப்படுத்தினார். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, அதைக் குழாய் வடிவில் ஆக்கும் ஸ்லீவ் முறையே இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுகிறது. 2022 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, உடல் நிறைக் குறியீட்டெண் 35 அல்லது அதற்கு மேல் உள்ளோருக்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஆசிய மக்களுக்கு இவ்வெல்லை 27.5 ஆகும்.

காலப்போக்கு

முதல் சில வாரங்களில் நீராகாரம், வலி, தூக்கக் குறைவு ஆகியவற்றால் அழுகையும், "ஏன் இதைச் செய்துகொண்டோம்" என்ற கழிவிரக்கமும் தோன்றலாம். அடுத்த சில மாதங்களில் எடை விரைந்து குறையும்போது உற்சாகம் மேலோங்கும். ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் எடைக்குறைவு நின்றுவிடும். பலருக்குச் சிறிதளவு எடை திரும்பவும் கூடும். பாராட்டுகள் ஓய்ந்து, கட்டுப்பாடுகள் மட்டும் எஞ்சும் இக்கட்டமே பலருக்கும் கடினமானதாகும்.

சுவீடனில் 1987 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நீண்டகால ஆய்வு இப்போக்கைக் காட்டியது. வாழ்க்கைத் தரம் முதல் ஆண்டில் உச்சத்தை எட்டி, எடை திரும்பிய ஆண்டுகளில் ஓரளவு சரிந்து, ஆறாம் ஆண்டிற்குப் பின் நிலைபெற்றது. பத்தாண்டு முடிவிலும் அது அறுவைக்கு முந்தைய நிலையை விட மேலாகவே இருந்தது.

காரணங்கள்

- இயக்குநீர் மாற்றம்: பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு, குறிப்பாக ஸ்லீவ் அறுவைக்குப் பின், குறைகிறது.
- சத்துக் குறைபாடு: உயிர்ச்சத்து பி12, இரும்பு, ஃபோலிக் அமிலம், உயிர்ச்சத்து டி ஆகியவற்றின் குறைபாடு சோர்வையும் மனத்தளர்ச்சியையும் ஒத்த அறிகுறிகளைத் தரும். தொடர் வாந்தியால் தயமின் குறைந்தால் மனக்குழப்பமும் நடைத் தடுமாற்றமும் ஏற்படும். இது அவசரச் சிகிச்சைக்குரியது.
- டம்பிங் நோய்க்குறி: இனிப்பு விரைந்து குடலை அடைவதால் படபடப்பு, வியர்வை, மயக்கம் தோன்றும். இதனைப் பதற்ற நோய் எனத் தவறாகக் கருதுவதுண்டு.
- மருந்து உறிஞ்சல்: பைபாஸ் அறுவைக்குப் பின் சில உளச்சோர்வு மருந்துகள் முன்போல் உறிஞ்சப்படுவதில்லை. அளவை மருத்துவரே மாற்றியமைக்க வேண்டும்.
- உணவின் இழப்பு: கவலையிலும் தனிமையிலும் உணவை ஆறுதலாகக் கொண்டிருந்தவருக்கு அந்த வழி அடைபடுகிறது.
- உடல் தோற்றம்: தொங்கும் தோலும், மெலிந்த பின்னும் தம்மைப் பருத்தவராகவே உணர்வதும் ஏமாற்றம் தரலாம்.

இடர்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 8,815 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், தன்னைத்தானே ஊறுபடுத்திக்கொண்டு அவசரச் சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள், ஆயிரம் நோயாளி-ஆண்டுகளுக்கு 2.33 இலிருந்து 3.63 ஆக உயர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தன. பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே உளநலச் சிக்கல் கண்டறியப்பட்டிருந்தது. இத்தகைய நிகழ்வுகள் அரிதே எனினும், முதலாண்டுடன் கண்காணிப்பை நிறுத்துதல் கூடாது என்பதை இது உணர்த்துகிறது.

பைபாஸ் அறுவைக்குப் பின் மது விரைவாகக் குருதியில் கலக்கும். 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மதுப் பயன்பாட்டுச் சிக்கல் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 விழுக்காடாகவும், அறுவைக்குப் பின் இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாகவும் இருந்தது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் விருந்தோம்பல் உணவோடு பிணைந்தது. திருமணப் பந்தியில் இலையில் மிச்சம் வைத்து எழுவதும், உறவினர் வீட்டில் இரண்டாம் முறை வாங்காமலிருப்பதும் அவமதிப்பாகக் கொள்ளப்படலாம். இரவு நேர உணவுக் கடைகளுக்குப் பெயர்பெற்ற மதுரையில் நண்பர் கூட்டம் பெரும்பாலும் பரோட்டாக் கடையிலோ ஜிகர்தண்டாக் கடையிலோ கூடும். முன்னது சிறிய இரைப்பையில் அடைத்துக்கொள்ளக்கூடும், பின்னது டம்பிங் அறிகுறிகளைத் தூண்டக்கூடும். இதனால் நோயாளி உணவை மட்டுமன்றி உறவாடும் இடத்தையும் இழப்பதாக உணரலாம்.

விரைவான மெலிவைக் கண்டோர் "சர்க்கரை நோய் வந்துவிட்டதா?" என வினவுவதும் வழக்கம். அறுவை செய்ததை மறைப்பவர்களுக்கு இவ்வினா பெருஞ்சுமையாகும். பெருஞ்செலவு செய்த குடும்பத்தினரிடம் துயரத்தைச் சொல்லத் தயங்குவதும் உண்டு.

சமாளிக்கும் வழிமுறைகள்

- உணவு, உறக்கம், மனநிலை ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைத்தல். படபடப்பு உணவிற்குப் பின் வருகிறதா என்பதை இது காட்டும்.
- பரிந்துரைத்த உயிர்ச்சத்து மாத்திரைகளை நிறுத்தாதிருத்தலும் குருதிப் பரிசோதனைகளைத் தவறாது செய்தலும். பால் தவிர விலங்குணவு உண்ணாதவர்கள் பி12 அளவில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.
- விரதம், நோன்பு மேற்கொள்ளும் முன் மருத்துவரைக் கேட்டல்.
- உணவுக்கு மாற்றான ஆறுதலை, நடைப்பயிற்சி, இசை, நெருங்கியவருடன் உரையாடல் எனத் தேடிக்கொள்ளுதல்.
- எடை இயந்திரத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, மாடிப்படி ஏறுதல், முழங்கால் வலி குறைதல் போன்றவற்றையும் கருத்தில் கொள்ளுதல்.
- குடும்பத்தினர் உண்ணுமாறு வற்புறுத்தாதிருத்தல். எடை திரும்பினால் அதனை ஒழுக்கக் குறைவாகப் பழிக்காதிருத்தல்.

உதவி பெறுதல்

இரு வாரங்களுக்கு மேல் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திராமல் உடனே உதவி பெற வேண்டும். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். மதுரை நகரத்தினரும், 2011 இல் மாநகராட்சியுடன் இணைந்த விளாங்குடி போன்ற பகுதியினரும், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். அறுவை செய்துகொண்ட விவரத்தையும் உட்கொள்ளும் மருந்துகளையும் அங்கு மறைக்காமல் கூறுதல் இன்றியமையாதது.