கார் இன்சூரன்ஸ் யாருக்காக? இங்கிலாந்து சொல்லும் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இங்கிலாந்துக்குப் புதிதாக வேலைக்குப் போயிருக்கும் என் பெரியப்பா மகன் போன் செய்தார். "டேய், நீ காமர்ஸ்தானே படிக்கிற? ரூம்மேட் அவன் காரை எடுத்துக்கோன்னு சொல்றான். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கு. நம்மூர் லைசென்ஸ வச்சு இங்க ஒரு வருஷம் ஓட்டலாம். எடுக்கலாம்ல?"

"தாராளமா எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். நம்மூரில் அப்படித்தானே? காருக்கு பாலிசி இருந்து, ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் போதும். மறுநாள் இன்சூரன்ஸ் பாடம் எடுக்கும் சாரிடம் பெருமையாக இதைச் சொன்னேன். "தப்பாச் சொல்லிட்டியேப்பா, அந்த ஊர்ல இன்சூரன்ஸ் ஆளுக்குப்பா!" என்றார். பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். நல்லவேளை, அவர் இன்னும் காரை எடுக்கவில்லை.

ஏன் அங்கே அப்படி என்று தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

1896 ஆகஸ்ட் 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். விசாரணையில் அது தற்செயலான மரணம் என்று முடிவானது. இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்றாராம் விசாரணை அதிகாரி. ஆனால் 1930-இல் பிரிட்டன் சாலைகளில் சுமார் 23 லட்சம் வண்டிகள் ஓடின. அந்த ஒரே வருடத்தில் இறந்தவர்கள் 7,000 பேருக்கும் மேல்.

அந்தக் காலத்திலும் மோட்டார் இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் விரும்பியவர்கள் மட்டும்தான் எடுத்தார்கள். அடிபட்டவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்கலாம். ஆனால் ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பு வெறும் காகிதம்தான். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஓட்டியவர் பாலிசி எடுத்திருந்தும் திவாலாகிவிட்டால், இன்சூரன்ஸ் பணம் கடன்காரர்கள் எல்லோருக்குமான பொதுப் பணத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கால் இழந்தவர் கடன்காரர்கள் வரிசையில் ஒருவராக நின்று தன் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்!

1930-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. திவாலானாலும் அடிபட்டவர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நேரடியாக உரிமை கோரலாம் என்றது ஒன்று. மற்றது சாலைப் போக்குவரத்துச் சட்டம். இதன்படி 1931 ஜனவரி 1 முதல் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி, கட்டாயமானது. கார்களுக்கு இருந்த மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதும் இதே சட்டம்தான் என்பது வேடிக்கை!

இந்தச் சட்டம் "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்பதோடு நிற்கவில்லை. "இந்த ஆள் இந்த வண்டியை ஓட்டுவதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டது. அதை அழுத்தமாகச் சொன்னது 1935-இல் வந்த மங்க் எதிர் வார்பி வழக்கு. தன் காரை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தார் வார்பி. அந்தப் பயணத்துக்கு பாலிசி பொருந்தவில்லை. கார் மோதி மங்க் காயமடைந்தார். காரில் வார்பி இல்லவே இல்லை. ஆனாலும் இன்சூரன்ஸ் இல்லாத ஆள் ஓட்ட அனுமதித்ததற்காக, அவரே இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். அண்ணனின் ரூம்மேட் மாட்டியிருக்கக்கூடிய இடம் இதுதான்.

நம் நாட்டின் 1939 மோட்டார் வாகனச் சட்டமும் இதே வழியில் வந்ததுதான். கட்டாயக் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1-இல் அமலானது. ஆனால் நம்மூர் பாலிசிகளில், செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் உரிமையாளர் அனுமதியோடு ஓட்டலாம் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். அங்கே பொதுவாகப் பெயர் குறிப்பிட்ட ஆட்கள் மட்டும்தான். சட்டம் ஒரே குடும்பம், பாலிசி வாசகம் வேறு. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

சரி, இன்சூரன்ஸே இல்லாதவன் மோதினால்? அதற்கும் வழி செய்தார்கள். 1946-இல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவைத் தொடங்கின. அப்படி அடிபட்டவர்களுக்கு அது இழப்பீடு தருகிறது. மோதிவிட்டு ஓடியவர்களால் பாதிக்கப்பட்டவர்களும் 1969 ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பணம் கம்பெனிகளிடமிருந்து வருகிறது, அதாவது ஒழுங்காக பிரீமியம் கட்டுபவர்களிடமிருந்து! பயணிகளுக்கான காப்பீடு 1971 சட்டத்தால் கட்டாயமானது. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான காப்பீடு 1988-இன் கடைசி நாளில்தான் கட்டாயமானது.

இந்த வரலாறு தெரிந்தால் இன்று அங்கே உள்ள மூன்று வகை பாலிசிகள் எளிதாகப் புரியும். முதலாவது தேர்ட் பார்ட்டி மட்டும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் இதுதான், உங்கள் கார் நொறுங்கினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது, அதோடு தீயும் திருட்டும். மூன்றாவது, உங்கள் கார் சேதத்துக்கும் சேர்த்து காம்ப்ரிஹென்சிவ்.

மூன்றாவதுதான் விலை அதிகம் என்று நினைப்போம். பல சமயம் அதுவே மலிவாக இருக்குமாம்! குறைந்தபட்ச பாலிசியை அதிக ரிஸ்க் உள்ளவர்களே நாடுவதால் அதன் விலை ஏறிவிடுகிறது. நாம் 'அட்வர்ஸ் செலக்‌ஷன்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான் :) எனவே மூன்றுக்கும் விலை கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

புதிதாகப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். விபத்து நடந்தால் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு 'எக்செஸ்' என்று பெயர். அது கூடினால் பிரீமியம் குறையும். அடுத்தது நோ க்ளெய்ம் சலுகை. இங்கே ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் வரை கிடைக்கும். அங்கே பல கம்பெனிகள் அதைக் கணக்கில் எடுக்காது, சில எடுக்கும். அதனால் கிளம்பும் முன் இங்குள்ள கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். மாசசூசெட்ஸ் 1927-லேயே கட்டாயமாக்கியது. நியூ ஹாம்ப்ஷயரில் எல்லோருக்கும் அப்படிக் கட்டாயம் இன்றும் இல்லை. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயங்களுக்கு அரசுத் திட்டமே பணம் தருகிறது. அங்கே தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயமில்லை. அதனால் புது நாட்டில் "எந்த பாலிசி மலிவு?" என்று கேட்பதற்கு முன் "இங்கே அடிபட்டவருக்கு யார் பணம் தருகிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

கடைசியில் ரூம்மேட்டின் பாலிசியில் அண்ணன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். "காசு கொஞ்சம் கூடத்தான்டா" என்று அலுத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட், காரையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். சிரித்தார்.

ஆனால் எனக்கு அபராதத்தைவிட வேறொன்றுதான் உறுத்தியது. நான் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவர் காரை எடுத்திருந்தால், அந்தச் சாலையில் யாரோ ஒருவர் மூன்றாம் நபர் ஆகியிருக்கலாம். பாடப் புத்தகத்தில் அது இரண்டு மார்க் கேள்வி. தெருவில் அது ஒரு மனிதர்.