கடல் வைரஸ்கள்

கடல்நீரில் வாழும் பாக்டீரியா, நுண்பாசி போன்றவற்றைத் தொற்றிப் பெருகும் வைரஸ்கள் கடல் வைரஸ்கள் எனப்படும். மேற்பரப்புக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் இவை ஏறத்தாழ ஒரு கோடி இருக்கும்; அதே நீரிலுள்ள பாக்டீரியாக்களைப்போல் சுமார் 10 மடங்கு. பெரும்பாலானவை மனிதரைத் தொற்றுவதில்லை.

இவ்வளவு இருந்தும் நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆய்வகத் தட்டில் வளரும் பாக்டீரியாக்களைக் கொண்டே வைரஸ்களை எண்ணிவந்தார்கள்; கடல் பாக்டீரியாக்களில் மிகப் பல தட்டில் வளர்வதே இல்லை. 1989இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிலுள்ள துகள்களை வீழ்படியச் செய்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணி, 'நேச்சர்' இதழில் வெளியிட்ட பிறகே கணக்கு மாறியது.

கடல் நுண்ணுயிர்த் திரளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் நாள்தோறும் அழிக்கின்றன என்பது மதிப்பீடு. வெடித்த செல்லிலிருந்து கரிமப் பொருள், நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் நீரில் கரைகின்றன. மேல்நிலை உயிர்களுக்கு இரையாகப் போயிருக்க வேண்டியது மீண்டும் பாக்டீரியாக்களுக்கே உணவாகிறது. ஸ்டீவன் வில்ஹெல்ம், கர்டிஸ் சட்டில் இருவரும் 1999இல் விளக்கிய இந்தச் சுழற்சி 'வைரஸ் திசைமாற்றம்' எனப்படுகிறது. ஆகவே வைரஸ்களை வெறும் கொல்லிகளாக மதிப்பது பாதிக் கணக்குதான்.

வைரஸ்களின் வேலைக்குக் கண்ணுக்கே தெரியும் சான்று எமிலியானியா ஹக்ஸ்லியி என்னும் ஒருசெல் பாசி. உடலெங்கும் சுண்ணாம்புச் செதில் போர்த்திய இது வட அட்லான்டிக்கில் பெருகும்போது கடல் பால்கலந்த நீலப்பச்சையாகிச் செயற்கைக்கோள் படத்திலும் தெரிகிறது. இதைத் தொற்றும் ராட்சத வைரஸின் மரபுத்தொகுதி சுமார் 4 லட்சம் கார இணைகள் கொண்டது. செராமைடு என்ற கொழுப்பை உருவாக்கும் மரபணுக்களும் அதில் உள்ளன. செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதில் இவ்வகைக் கொழுப்புகளுக்குப் பங்குண்டு. தொற்று பரவினால் பெருக்கம் சில நாட்களிலேயே சரிந்துவிடும். பாசியிடமும் தற்காப்பு உண்டு: செதிலற்ற, ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்ட அதன் இன்னொரு வடிவம் இந்த வைரஸுக்கு மசிவதில்லை. இது 2008இல் தெரியவந்தது.

ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவைத் தொற்றும் சில வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை மரபணுக்களையே சுமக்கின்றன. தொற்றுண்ட செல் சாகும்வரை ஒளியிலிருந்து ஆற்றல் பெற்றுக்கொண்டிருந்தால் அது புதிய வைரஸ்கள் உருவாக உதவும்.

டாரா ஓஷன்ஸ் என்னும் கடலாய்வுக் கப்பற்பயணத்தின் மாதிரிகளை முதன்மையாகக் கொண்டு 2019இல் வெளியான பட்டியலில் 1,95,728 வைரஸ் தொகைகள் இடம்பெற்றன. முந்தைய பட்டியலைப்போல் இது சுமார் 12 மடங்கு. ஆர்க்டிக் பெருங்கடலும் வைரஸ் பன்மை மிகுந்த பகுதி என்பதை அந்த ஆய்வு காட்டியது.