துயிலும் விழிப்பும்: ஒரு கொள்கை மாற்றத்தின் வரலாறு

ஒளி அகன்றவிடத்து இருள் தானாகவே குடிகொள்வது போல, விழிப்பு அகன்றவிடத்து உறக்கம் தானாகவே வந்தமைகிறது என அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். அவ்வாறாயின் உறக்கத்திற்கெனத் தனிக்காரணம் எதனையும் தேட வேண்டியதில்லை. இக்கருத்து சென்ற நூற்றாண்டிலே எவ்வாறு தகர்ந்தது என்பதை ஆராய்தல் கலைப்பீட மாணவருக்கும் அந்நியமான முயற்சியன்று.

முதல் ஐயத்தை எழுப்பியது ஆய்வுகூடமன்று, ஒரு கொள்ளைநோயே. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிற் பரவிய உறக்க மூளையழற்சியை வியன்னா நகர வைத்தியர் கொன்ஸ்தந்தீன் வொன் எகொனோமோ 1917இல் விவரித்தார். நோயாளரிற் பலர் ஓயாது உறங்கினர்; சிலரோ உறக்கமே இன்றித் தவித்தனர். இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, ஐப்போதலமசின் முற்பகுதி சிதைந்தோர் உறக்கம் இழந்தோராகவும், அதன் பிற்பகுதியும் நடுமூளையும் சந்திக்கும் இடம் சிதைந்தோர் ஓயாது உறங்கியோராகவும் காணப்பட்டனர். உறக்கத்திற்கும் விழிப்பிற்கும் மூளையில் வெவ்வேறு இடங்கள் உள எனில், உறக்கத்தை வெறும் இன்மை எனல் எங்ஙனம் பொருந்தும்?

யேனா நகரில் ஹான்ஸ் பேகர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்; ஐந்தாண்டுகள் தயங்கி 1929இலேயே அதனை வெளியிட்டார். கண்மூடி அமைந்திருப்போரிடம் செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து அலைகள் தோன்றின. கண் திறந்ததும் அவை மங்கின. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூசும் இதனை உறுதிப்படுத்திய பின்னரே அறிவுலகம் செவிசாய்த்தது. (பேகரை நாற்சிகளின் பலியாளாகக் காட்டும் மரபு ஒன்றுண்டு. அவர் அவ்வாட்சியின் பரம்பரைச் சுகாதார நீதிமன்றத்திற்குத் துணைநின்றமையைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் அம்மரபு ஏற்கத்தக்கதன்று.)

எனினும் பழைய கொள்கை எளிதில் வீழவில்லை. 1935இல் பெல்ஜிய அறிஞர் பிறெடெறிக் பிறெமர் பூனையின் மூளைத்தண்டை நடுமூளையில் வெட்டினார். மேற்பட்டையில் உறக்கத்திற்குரிய மெதுவான பெரிய அலைகளே எஞ்சின. வெட்டு இன்னும் கீழே, முண்ணாணுக்கு அண்மையில் அமைந்தபோதோ உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தன. புலன்களிலிருந்து வரும் செய்திகள் அறுந்தமையால் மூளை உறங்கிற்று என அவர் விளக்கினார். பரிசோதனை செம்மையானது, விளக்கமே குறைபட்டது. இரு வெட்டுகளுக்கும் இடையே அகப்பட்ட பகுதியில் வேறு யாது உளது என்ற வினா எழுப்பப்படவில்லை.

அவ்வினாவிற்கு 1949இல் மொறுற்சியும் மகூனும் விடை கண்டனர். மூளைத்தண்டின் நடுவே அமைந்த வலையுரு அமைப்பை மின்னால் தூண்டியதும் மெதுவான அலைகள் மறைந்து, விழிப்பிற்குரிய சிறிய விரைவான அலைகள் தோன்றின. புலன் வழிகளை மட்டும் அழித்த விலங்குகள் விழித்திருந்தன என்பதையும், வலையுரு அமைப்பை இழந்தவையே மயங்கிக் கிடந்தன என்பதையும் லிண்ட்சிலி முதலானோர் அடுத்து நிறுவினர்.

அவ்வமைப்பு எதனைக் கொண்டு மேற்பட்டையை எழுப்புகிறது? ஈண்டு வரலாறு மின்னியலிலிருந்து இரசாயனத்துக்குத் திரும்புகிறது. 1964இல் சுவீடன் அறிஞர் டால்ஸ்ற்றோமும் பூக்ஸேயும் மூளைத்தண்டில் நொரத்ரனலினையும் செரற்றோனினையும் கொண்ட நரம்புக்கலங்களை ஒளிரச் செய்து இனங்காட்டினர். செரற்றோனினே உறக்கத்தைத் தருவது எனப் பிரான்சின் மிஷேல் ஜுவே வாதிட்டார். அக்கலங்களை அழித்த பூனைகள் உறக்கம் இழந்தமை அவருக்குச் சான்றாயிற்று. ஆயின் 1976இல் மக்கின்ரியும் ஹாப்பரும் அக்கலங்களின் இயக்கத்தை நேரே பதிந்தபோது, அவை விழிப்பிலே மிகுதியாக இயங்கி, உறக்கத்திலே தளர்ந்து, கனவுறக்கத்திலே ஏறத்தாழ ஓய்ந்தன. பின்னாளில் ஜுவேயும் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

விழிப்பில் அசற்றைல்கோலின், நொரத்ரனலின் முதலியன தலமசின் கலங்களை ஆயத்த நிலையில் வைத்திருக்கின்றன. அவை குறையும்போது அக்கலங்கள் தனித்தனிச் செய்திகளைக் கடத்தாது, கூட்டாகச் சேர்ந்து விட்டுவிட்டு வெடிக்கின்றன. மேற்பட்டையில் அலைகளின் மீடிறன் தாழ்ந்து வீச்சம் உயர்கின்றது. கனவுறக்கத்திலோ நொரத்ரனலினும் செரற்றோனினும் ஓய, அசற்றைல்கோலின் மட்டும் மீண்டும் ஓங்குகிறது. உறங்குவோனின் மூளையலை விழித்திருப்போனதை ஒத்திருக்கும் விந்தை இதனாலேயே நிகழ்கிறது.

1998இல் இரு குழுவினர் ஒறெக்சின் எனும் பொருளைத் தனித்தனியே கண்டுபிடித்தனர். பகலிலே திடீரென உறக்கத்தில் ஆழும் நோயுடையோரின் மூளைகளில் அதனைச் சுரக்கும் கலங்கள் பெரிதும் அழிந்திருந்தமை 2000இல் வெளியாயிற்று. அக்கலங்கள் அமைந்திருப்பது ஐப்போதலமசின் பக்கப் பகுதியிலும் பிற்பகுதியிலுமாகும். இந்நோயின் மூலம் அப்பிற்பகுதியிலே இருத்தல் கூடும் என, 1931இல் மறைந்த எகொனோமோ தம் வாழ்நாளிலேயே ஊகித்திருந்தார்.