குதிர் யார் வீட்டில் இருந்தது?

மழைக்காலம் வந்தால் சில நாள்களுக்கான உணவுப்பொருளை வீட்டில் எடுத்து வையுங்கள் என்கிறார்கள். நல்ல யோசனைதான். எடுத்து வைக்க நமக்கு எப்போது இடம் இருந்தது என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நின்று கேட்டுப் பார்ப்போம்.

கார், செல்போன் ஆலைகள் நிற்கும் இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன நெல்பூமி. நெல்லை விளைவித்தது சேரி. குதிர் இருந்ததோ மிராசுதார் வீட்டில். பண்ணையாளுக்குக் கிடைத்தது தானியக் கூலி. பெரும்பாலும் அன்றைய கூலி அன்றைய கூழுக்கே சரியாகப் போனது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) கொஞ்சம் காசும் போதும் என்றார். உழைக்கிற உடம்புக்கு இது பற்றாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டி வந்தது.

சேரியிடமும் ஒரு சேமிப்பு இருந்தது: உப்புக்கண்டம். வறட்சியில் மாடு சாகும். அந்த இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காயவைத்தால் பல மாதம் தாங்கும். நாலு துண்டு போட்டால் ஒரு பானைக் குழம்பு. குதிர் வேண்டாம், கூரைக்கடியில் ஒரு கொடி போதும். எதை இன்று சமைப்பது, எதை ஆடிக்கு விடுவது என்று கணக்குப் போட்டவர்கள் நம் பாட்டிகள். ஊர் இதை இழிவு என்றது. நமக்கு இது பஞ்சத்தை எதிர்கொண்ட அறிவு.

1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் தன் அறிக்கையில், சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரை எதிர்த்தால் வெளியேற்றம்தான் என்று எழுதினார். மனையே இல்லாதவர் எதை எங்கே சேர்த்து வைப்பது? 1892இன் பஞ்சமி நில ஆணை அதிலிருந்து வந்தது. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப்போனது. காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைப் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆறேழு பேர் படுக்கும் அறையில் ஒரு கிலோ கேழ்வரகு மாவுக்கு எங்கே இடம்? விலையில்லா அரிசி தரும் ரேஷன் அட்டையோ பலருக்குச் சொந்த ஊரில், அம்மாவிடம் இருக்கிறது.