சொல்லக் கேட்டு எழுதும் கலை

திருவனந்தபுரத்துக் கோட்டையை விட்டுச் சிறிது தூரம் நடந்தால் ஸ்ரீவராகம் என்னும் பகுதியை அடையலாம். வராகமூர்த்தியின் கோயிலும் அதனருகே அகன்று கிடக்கும் குளமும் அப்பகுதியின் அடையாளங்கள். மலையாள நாட்டின் தலைநகரில் இருப்பினும் அங்குள்ள தெருக்களில் தமிழ் ஒலிப்பது புதுமையன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் இந்நகரிலிருந்தே ஆளப்பட்டன அன்றோ? எல்லை மாறியது, தெருக்களில் பேசிய நாக்கு மாறவில்லை.

அத்தெருக்களில் ஒன்றில்தான் நாம் வளர்ந்தோம். நம் பாட்டியாருக்கு எழுதத் தெரியாது; ஆனால் டில்லியிலிருந்த மகனுக்கு மாதம் இருமுறை கடிதம் போயாக வேண்டும். 1980-களின் இறுதியில் அக்கடிதங்களை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. பாட்டியார் வாசற்படியில் அமர்ந்து சொல்லுவார். நாம் தரையில் குப்புறப் படுத்து இன்லாண்ட் தாளில் எழுதுவோம். ‘இங்க நல்ல மழை பெஞ்சுது’ என்று அவர் சொன்னதை ‘இங்கு நல்ல மழை பெய்தது’ என்று எழுதியதில் நமக்குப் பெருமை. ஒரு நாள், எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டார். கேட்டு முடித்தவர், “நானா இப்படிப் பேசினேன்? யாரோ பள்ளிக்கூடத்து வாத்தியார் பேசுற மாதிரி இருக்கே” என்றார். நாம் வெட்கிப் போனோம். சொல்லுபவர் வாய்மொழியை அப்படியே எழுதுவதா, எழுத்து மொழிக்கு மாற்றி எழுதுவதா என்னும் கேள்வி அன்று முளைத்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட பின்னரும் அதற்கு நம்மிடம் தீர்ந்த விடையில்லை. இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் பேச்சைக் கேட்டு எழுதத் தொடங்கியபின் அக்கேள்வி புதிய உருவில் எதிரே வந்து நிற்கிறது.

சொல்லக் கேட்டு எழுதுதல் தமிழருக்குப் பழகிய கலை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தலபுராணப் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதிவருவார். 1871-இல் அவரிடம் மாணவராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் அக்காட்சிகளைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரித்துரைத்திருக்கிறார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழிந்துவிடும். எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் அதில் தெரியா. படிப்பவரே இடம் நோக்கிப் புள்ளியிட்டுக்கொள்ள வேண்டும். தமிழறியாதவன் கையில் ஏடு ஊமை. எழுதியவன் விட்டுவைத்த இடைவெளியைப் படிப்பவனுடைய மொழியறிவே நிரப்பிற்று.

அடுத்து வந்தது சுருக்கெழுத்து. நேயர்களுள் பலருடைய தந்தையோ பாட்டனாரோ வெளியூர் புறப்பட்டபோது அவர்தம் பெட்டியிலிருந்த பெருஞ்செல்வம், தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழும் சுருக்கெழுத்துச் சான்றிதழுமே. ஐசக் பிட்மன் என்னும் ஆங்கிலேயர் 1837-இல் வெளியிட்ட முறை எழுத்தைப் பின்பற்றுவதன்று; ஒலியைப் பின்பற்றுவது. மெல்லிய கோடு இழுத்தால் ஓர் ஒலி, அதையே அழுத்தி இழுத்தால் அதற்கு இணையான கனத்த ஒலி. ஆங்கிலத்தின் ‘பி’ இரண்டும் இவ்வாறே பிரிக்கப்பட்டன. தமிழிலோ இரண்டிற்கும் ‘ப’ ஒன்றே எழுத்து. நம் பெரியப்பா டில்லி அலுவலகமொன்றில் முப்பது ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். ஒலியின் கனத்தைக் காது பிரிப்பதற்குள் பென்சில் பிரித்தாக வேண்டியிருந்ததே தமக்கு முதல் ஆறு மாதத்துச் சோதனை என்று அவர் சொல்லுவதுண்டு. கைதேர்ந்தவர்கள் உயிரொலிக் குறிகளையும் விட்டுவிடுவர். பிறகு அறைக்குத் திரும்பி, முன்பின் வாசகத்தைக்கொண்டு விட்டதை ஊகித்துத் தட்டச்சுச் செய்வர். புள்ளியில்லாத ஏட்டின் கதையேதான்!

மத்திய அரசின் சுருக்கெழுத்தாளர் தேர்வில் ‘சி’ நிலைக்கு நிமிடத்திற்கு 100 சொற்களும், ‘டி’ நிலைக்கு 80 சொற்களும் எழுத வேண்டும். மொழி ஆங்கிலம் அல்லது ஹிந்தி. நம்மவர் காதுகள் இவ்வாறு அயல்மொழிக்கு வாடகைக்குப் போயின. அவ்வாடகையில்தான் ஸ்ரீவராகத்திலும் கரமனையிலும் பல வீடுகள் ஓடு மாற்றின. ஆகவே அதைக் குறையாகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இந்தக் காதை யந்திரத்திற்கு அளிக்க இயலுமா என்னும் முயற்சி அமெரிக்காவில் எழுந்தது. 1952-இல் பெல் ஆய்வுக்கூடத்தார் ‘ஆட்ரி’ என்னும் கருவியை அமைத்தனர். ஆளுயரச் சட்டம் நிறைந்த அக்கருவிக்குத் தெரிந்தவை பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள எண்கள் மாத்திரமே. அவற்றையும் நிறுத்தி நிறுத்தி, அதற்குப் பழகிய குரலில் சொல்ல வேண்டும். 1962-இல் சியாட்டில் உலகப் பொருட்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்டிய கருவி 16 சொற்களை அறிந்தது. பத்தாண்டுகளில் ஆறு சொல் முன்னேற்றம் என்று நகைக்கத் தோன்றும். உண்மையில் இடர்ப்பாடு சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. ஒருவன் ஒரே சொல்லை இருமுறை சொன்னால் இரண்டும் ஒரே ஒலியாக இருப்பதில்லை. தொடர்ந்து பேசும்போது ஒரு சொல் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதும் ஒலியில் தெரிவதில்லை.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பது பலர் அறியாத செய்தி. ராஜ் ரெட்டி 1937-இல் சித்தூர்ப் பகுதியிலுள்ள காட்டூரில் பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். பின்னர் அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பேச்சுணர் ஆராய்ச்சியை வளர்த்து, 1994-இல் கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருதைப் பகிர்ந்து பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் 1976-இல் உருவான ‘ஹார்ப்பி’ என்னும் அமைப்பு 1,011 சொற்களைக் கொண்ட வாக்கியங்களைப் புரிந்துகொண்டது. அங்கே ஆராய்ந்த ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் தம்பதியர் 1982-இல் டிராகன் நிறுவனத்தைத் தொடங்கினர். 1990-இல் அவர்கள் விற்பனைக்குக் கொணர்ந்த எழுதும் மென்பொருளுக்குச் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேச வேண்டும். 1997-இல்தான் இயல்பாகத் தொடர்ந்து பேசுவதை எழுதும் மென்பொருள் வந்தது. இடையில், 1980-களின் நடுவில், ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் 20,000 சொற்களை அறிந்த ஓர் அமைப்பை உருவாக்கி அதற்கு ‘டாங்கோரா’ என்று பெயரிட்டனர். அது தட்டச்சு வேகத்தில் உலகப் புகழ்பெற்ற ஆல்பர்ட் டாங்கோரா என்பவரின் பெயர். தட்டச்சரை வேலையிழக்கச் செய்யவிருந்த யந்திரத்திற்குத் தட்டச்சரின் பெயரையே சூட்டிய மரியாதையை என்னென்பது!

இவ்வியந்திரங்கள் எழுத்தைக் கேட்பதில்லை. ஒலியை நொடியில் நூற்றிலொரு பங்களவாகத் துணித்து, ஒவ்வொரு துணுக்கும் எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்று கணக்கிடுகின்றன. பின்னர், இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருவது மிகுதி என்று முன்னரே பயின்ற வாசகங்களைக்கொண்டு தீர்மானிக்கின்றன. ஏடு படித்தவரும் சுருக்கெழுத்தாளரும் செய்த ஊகமே இது. யந்திரம் அதை எண்ணிக்கையால் செய்கிறது. ஆகையால் அது எவருடைய பேச்சைப் பயின்றதோ அவருடைய பேச்சே அதற்கு விளங்கும். 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’ என்னும் அமைப்பு 6,80,000 மணி நேரப் பேச்சைக்கொண்டு பயின்றது. ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து அதில் கிடைத்த பங்கு 1,17,000 மணி நேரம்.

தமிழ் இவ்வியந்திரங்களுக்கு எளிய மொழியன்று. ககரம் ஒன்றே பல ஒலிகளைத் தாங்குவதால், எழுதும் நேரத்தில் ஒரு சௌகரியம் உண்டு என்பது உண்மையே. ஆனால் லகர ளகர ழகரங்களை ஒன்றாக்கிப் பேசும் வாயினின்று வலி, வளி, வழி மூன்றும் ஒரே ஒலியாய் வெளிவருகின்றன. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது போல விகுதி மேல் விகுதி ஏறி ஒரு சொல்லே ஒரு வாக்கியமாகிறது. அத்தகைய வடிவங்களையெல்லாம் பட்டியலில் அடக்குதல் அரிது. எல்லாவற்றிற்கும் மேலாக நிற்பது பாட்டியாரின் கேள்வி: ‘பெஞ்சுது’ என்று கேட்டால் யந்திரம் எதை எழுத வேண்டும்?

கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழ், மலையாளம் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளைக் குரலால் எழுதும் வசதியில் சேர்த்தது. இந்திய அரசின் ‘பாஷிணி’ திட்டம் 2022 ஜூலையில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ‘பாஷாதான்’ பகுதியில் எவரும் தம் குரலைத் தானமாக வழங்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ தொகுப்பில் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் பேச்சு, 22 மொழிகளில், 7,348 மணி நேரம் இடம்பெற்றது. அதில் பெரும்பகுதி ஏட்டைப் பார்த்துப் படித்ததன்று, இயல்பாய்ப் பேசியது என்பதே அதன் சிறப்பு. ஆயினும், ஒரு மொழியின் குரலை அதன் சொந்த மாவட்டங்களிலேயே தேடினால் கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் பேசப்படும் தமிழ் எந்தக் கணக்கில் சேரும்? ஸ்ரீவராகத்துத் தமிழ், மலையாளச் சாயலும் மலையாளச் சொல்லும் கலந்தது. இங்கே ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீரும் ஆகலாம்.

இது வெறும் வேடிக்கையன்று. கேரள உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 நவம்பர் 1 முதல் அம்மாநிலத்து விசாரணை நீதிமன்றங்களில் சாட்சிகளின் வாக்குமூலத்தை ‘அதாலத் ஏஐ’ என்னும் பேச்சுணர் கருவியைக்கொண்டு பதிவு செய்வது என்றாயிற்று. அதுவரை நீதிபதி தம் கையாலோ, தட்டச்சருக்குச் சொல்லியோ பதிவு செய்தது அது. வஞ்சியூர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒருவர் மலையாளத்தில் தொடங்கி, தடுமாற்றத்தில் தாய்மொழிக்குத் தாவி, மீண்டும் மலையாளத்திற்கு வருவது நாம் கண்டறியாததன்று. பழைய தட்டச்சர் தலை நிமிர்ந்து பார்ப்பார். ‘என்ன சொன்னீர்’ என்று நீதிபதி கேட்பார். யந்திரம் ஐயுற்றுத் தலை நிமிராது. ஏதேனும் ஒரு சொல்லை எழுதி அப்பாற் செல்லும். எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டும் அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு இனிதான் கூடும்.

வெளி மாநிலங்களில் பிறந்த நம் பிள்ளைகளின் நிலை இன்னும் விசித்திரம். அவர்கள் தமிழ் பேசுவர். எழுதவோ படிக்கவோ அறியார். இப்போது அவர்கள் பேசினால் கைப்பேசி தமிழில் எழுதித் தருகிறது. எழுதியது சரியா என்று பார்க்க அவர்களுக்குக் கண் இல்லை. கைப்பேசியையே படிக்கச் சொல்லிக் காதால் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். எழுத்து இடையில் வந்து போகும் வழிப்போக்கனாகிவிட்டது. இதனால் தமிழ் வளருமா, எழுத்து மறையுமா என்று நண்பர்கள் வாதிடுவதுண்டு. எழுதாமலே இருந்த பிள்ளை பாட்டிக்கு நான்கு வரி அனுப்புகிறதே, அதை முதலில் வரவேற்போம் என்பது நம் கட்சி.

சென்ற விடுமுறையில் ஸ்ரீவராகம் சென்றிருந்தபோது, கண்பார்வை மங்கிய நம் அத்தையார் புனேயிலுள்ள பேத்திக்கு ஒரு கடிதம் சொல்ல விரும்பினார். இம்முறை தாளுக்குப் பதில் கைப்பேசியை அவர் முன் வைத்தோம். ‘பெஞ்சுது’ என்று அவர் சொன்னதைக் கைப்பேசி ‘பெஞ்சுது’ என்றே எழுதியது; பாட்டியார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கடிதத்தின் முடிவில் ஊர்ப் பெயரைச் சொன்னார். ‘ஸ்ரீராகம்’ என்று வந்தது. மறுபடி சொன்னார், மறுபடியும் ஸ்ரீராகம். நவராத்திரிக் கச்சேரிகளை அறுபது ஆண்டு கேட்ட அத்தையார், “நல்ல ராகம்தான், ஆனா நம்ம ஊர் அதில்லையே” என்று சிரித்தார். நான்காம் முறை, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னதும் ‘ஸ்ரீ’ தனியாகவும் ‘வராகம்’ தனியாகவும் வந்து நின்றன. இடையிலிருந்த வெளியை நாம் விரலால் அழித்துச் சேர்த்தோம். கடிதம் புனேக்குப் போயிற்று.