சிலிகோசிஸ் நஷ்டஈடு (கோலார் தங்கவயல்)

சிலிகா மிகுந்த கல்தூசியைப் பல்லாண்டு சுவாசித்ததனால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போன சுரங்கத் தொழிலாளருக்கு, அவர் சில காலம் வேலைக்குப் போக இயலாதிருக்கையில் தரப்படும் தற்காலிக உதவித்தொகை முதற்கொண்டு, இனி அவர் உழைக்கவே இயலாதவர் என்று நிர்ணயமான பின் தரப்படும் நிரந்தர ஈடு வரையில், சட்டம் வகுத்துள்ள படிகள் யாவும் இத்தலைப்பில் அடங்கும். இந்தியாவில் இந்நோய் வைத்திய சாஸ்திர முறைப்படி முதன்முதலில் பதிவானது கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலிலே ஆதலால், இவ்விஷயத்தின் சரித்திரத்தை அவ்வூரினின்றும் பிரித்துச் சொல்லுதல் இயலாது.

1880-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தாரின் நிர்வாகத்தில் தொடங்கிய இச்சுரங்கங்களுள் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கும் பிரதானமானவை. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து குடும்பங் குடும்பமாக வந்து சேர்ந்த தமிழ் மக்கள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் ஆதிதிராவிடர், தரைக்கடியில் வேலை செய்து லைன் வீடுகளில் குடியிருந்தமையால், கன்னட நாட்டின் நடுவே தமிழ் வழங்கும் ஒரு பட்டணம் உருவாயிற்று. தங்கம் இங்கே தனியாகக் கிடைப்பதன்று. வெண்கல் என்னும் குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் கலந்து கிடப்பது. அப்பாறையைக் காற்றழுத்தத்தால் இயங்கும் துளைப்பான் கொண்டு துளைத்து, வெடிமருந்து வைத்துத் தகர்த்து, சிதறியதை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே கொண்டுவந்து ஆலையில் மாவாக அரைத்தாக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையே கொதிக்கும் வெப்பத்தினிடையே இவ்வேலை நடந்தது. குவார்ட்ஸ் என்பது ஏறக்குறையச் சுத்தமான சிலிகாவே. நீர் பாய்ச்சித் துளைக்கும் முறை வந்தபின் தூசி குறைந்தது உண்மையேயாயினும், நுரையீரலின் கடைசி அறைகள் வரை செல்லவல்ல அதிநுண்ணிய துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே காற்று தெளிவாயிருப்பது கண்டு அபாயம் இல்லையென முடிவு செய்தல் சரியாகாது.

நோயின் போக்கே பின்னால் எழுந்த சட்டச் சிக்கல்களுக்கெல்லாம் மூலகாரணமாதலின், அதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கால் முறிந்தவருக்கு அது முறிந்த நாளும் நேரமும் உண்டு. கம்பெனி ஆஸ்பத்திரியின் புத்தகத்திலும் அது ஏறியிருக்கும். சிலிகோசிஸுக்கோ அவ்வாறு ஒரு நாள் கிடையாது. பத்தாண்டோ இருபதாண்டோ வேலை செய்தபின், முன்பு ஓட்டமாய் ஏறிய படிகளை நின்று நின்று ஏறுவதாகத் தொடங்கி, வறட்டிருமலும் இரைப்பும் பையப்பையக் கூடி, ஒருநாள் வேலைக்குப் போகமுடியாத நிலை வந்து வாய்க்கிறது. தூசி நிறைந்த இடத்தை விட்டு விலகிய பின்னும் நோய் நிற்பதில்லை, தானே முற்றிக்கொண்டு போகும். தழும்பை மாற்றும் மருந்தும் இல்லை. போதாக்குறைக்கு, இவ்வாறு பழுதுற்ற நுரையீரலில் க்ஷயரோகம் எளிதிற் பற்றும். இக்காரணத்தால், எக்ஸ்ரே வசதியும் சிலிகோசிஸ் பற்றிய அறிவும் பரவாத காலத்தில், சுரங்கத்தாரின் இருமலைக் க்ஷயம் என்றோ நிமோனியா என்றோ எழுதிவிடுவதே வழக்கமாயிருந்தது. அவை எவ்வூரிலும் எத்தொழிலினருக்கும் வரக்கூடிய வியாதிகள். ஆகவே அப்பெயரோடு ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறியவருக்கு மருந்தும் விடுமுறையும் கிடைத்தனவேயன்றி நஷ்டஈட்டுக்கு உரிமை பிறக்கவில்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-இல் நிறைவேறி மறு ஆண்டு ஜூலை மாதம் அமலுக்கு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், இயலாமையைத் தற்காலிகம், நிரந்தரம் என இரண்டாகவும், ஒவ்வொன்றையும் பகுதி, முழுமை என இரண்டாகவும் பகுத்தது. தங்கவயல் அப்போது அடங்கியிருந்த மைசூர் சமஸ்தானமும் இம்முறையிலேயே தனக்கொரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. தற்காலிக இயலாமையுற்றவருக்கு மாதத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது 15 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது, ஐந்தாண்டுக்கு மேற்படாமல் அச்சட்டப்படி ஆதியில் கொடுக்கப்பட வேண்டியிருந்தது. நிரந்தரமாகவும் முழுமையாகவும் உழைக்கும் சக்தியை இழந்தவருக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் குறைவானது, ஒரே தொகையாகக் கொடுக்கப்பட வேண்டியிருந்தது. காயமுற்ற நாளிலிருந்து உதவித்தொகை தொடங்குமுன் கழியவேண்டிய காத்திருப்பு நாள்கள் ஆதியில் பத்தாயிருந்து, படிப்படியாகக் குறைந்து, 1959-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்றாயின. இயலாமை 28 நாளுக்கு நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கிடலாம் என்ற விதியும் சேர்ந்தது.

ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குச் செல்லும் வழியை இச்சட்டத்தின் 4, 6, 7-ஆம் பிரிவுகள் காட்டின. அரைமாத உதவி பெற்று வருபவரின் நிலையில் மாறுதல் உண்டானால், வைத்தியர் சான்றிதழோடு இரு தரப்பாருள் எவரும் நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் மறுபரிசீலனை கோரலாம் என்றிருந்தது. இயலாமை நிரந்தரமென்று அப்போது தெரியவந்தால், அரைமாத உதவி மொத்தத் தொகையாக மாறிற்று. ஆனால் அதுவரை பெற்ற பணம் அம்மொத்தத்தில் கழிக்கப்பட்டது. அன்றியும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் உதவி பெற்றிருந்தால், தொழிலாளரோ முதலாளியோ விண்ணப்பித்து, எஞ்சிய தவணைகளை ஒரே தொகையாக்கி முடித்துக்கொள்ளவும் இடமிருந்தது. ஆதியிலிருந்து அந்தம் வரை இவ்வமைப்பு ஒரே திசையில், அதாவது தவணையிலிருந்து மொத்தத் தொகையை நோக்கியே, செல்வதைக் காணலாம். ஆயுளுள்ளவரை மாதந்தோறும் தருவதென்ற ஏற்பாடு இதில் எங்கும் இல்லை. 42 மாதச் சம்பளம் என்பது மூன்றரை ஆண்டு வருமானமே. முப்பத்தைந்து வயதில் நெஞ்சு பழுதான ஒருவருக்கு அதன் பிறகு வாழவேண்டிய காலத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நஷ்டஈட்டுப் பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்யலாகாது, பிறர் பெயருக்கு மாற்றலாகாது என்று 9-ஆம் பிரிவு பாதுகாப்புச் செய்திருந்ததாயினும், அப்பாதுகாப்பு பணம் கைக்கு வரும் வரைதான். நோயாளி கிடையாய்க் கிடந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கியது அதற்குள் வளர்ந்து நிற்கும்.

இவ்வளவும் விபத்துக்கு. சிலிகோசிஸ் இச்சட்டங்களுக்குள் நுழையச் சற்றுக் காலம் பிடித்தது. இதே தங்கச் சுரங்கத் தொழிலில் முன்னரே அனுபவப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா, 1911, 1912-ஆம் ஆண்டுகளிலேயே சுரங்கத்தார் க்ஷயம் என்ற பெயரில் இந்நோய்க்குத் தனிச் சட்டங்கள் இயற்றி, நோயைப் படிநிலைகளாகப் பிரித்து ஈடு வழங்கத் தொடங்கியிருந்தது. அங்கும் வெள்ளைத் தொழிலாளருக்கு மாத ஓய்வூதியமும் கறுப்புத் தொழிலாளருக்கு மொத்தத் தொகையுமாகப் பேதம் காட்டப்பட்டதை மறத்தற்கில்லை. 1930-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஜோகன்னஸ்பர்க்கில் கூட்டிய மகாநாட்டுக்குப் பின், 1934-ஆம் ஆண்டு 42-ஆம் எண் உடன்படிக்கையால் சிலிகோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. மைசூரில் 1940-களில் இந்நோய் ஈடு பெறத்தக்கதாக ஏற்கப்பட்டது. அதே பத்தாண்டில் காப்லன், பர்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் தங்கவயலில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்து 1947-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோரின் எக்ஸ்ரே படங்களில் சிலிகோசிஸின் அடையாளம் காணப்பட்டது.

இந்த விகிதமே வைத்திய நிர்ணயத்தின் சங்கடத்தையும் விளக்கும். படத்தில் தழும்பு தெரிபவர் அனைவரும் படுக்கையில் விழுந்தவரல்லர்; பலர் அன்று காலையில்தான் ஷாஃப்டில் இறங்கி ஏறி வந்தவர்கள். அத்தகைய ஒருவரை நோயாளி என்று சொன்னால் அடித்தள வேலையும் அதற்குரிய கூடுதல் சம்பளமும் போய்விடும். சொல்லாவிட்டால் நோய் முற்றும். மேல்தள வேலைக்கு மாற்றப்பட்டவர் தற்காலிகமாக இயலாதவரும் அல்லர், வேலையில் இருப்பதால் முழுமையாக இயலாதவரும் அல்லர். நிரந்தரப் பகுதி இயலாமை என்ற மூன்றாம் அறையிலே அவரை வைத்து, உழைப்பாற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கு குறைந்தது என்று வைத்தியர் சொல்லவேண்டும். விரல் இழந்தவருக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே விகிதம் அச்சிட்டிருக்கிறது; மூச்சு குறைந்தவருக்கு அப்படியொன்றும் இல்லையாதலால், வைத்தியரின் அபிப்பிராயமே விதியாய் நின்றது. தொழிலாளர் காலமானால் விதவை நிரூபிக்க வேண்டியது இன்னும் கடினம்: மரணம் சிலிகோசிஸால் நேர்ந்ததா, க்ஷயத்தால் நேர்ந்ததா என்ற வாதம், இரண்டும் ஒரே நுரையீரலில் கூடியிருக்கையில், எளிதில் முடிவதன்று.

சுதந்திரத்துக்குப் பின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், சிலிகோசிஸை அறிவிக்கவேண்டிய நோயாக்கி, அதைக் காணும் வைத்தியர் தலைமைச் சுரங்க இன்ஸ்பெக்டருக்குத் தெரிவிக்கவேண்டுமென விதித்தது. ஆயினும் நோய்க்காலத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நேர்முகமாக நிரப்ப முயன்றது 1983-இல் அச்சட்டத்திற் சேர்க்கப்பட்ட 9அ பிரிவேயாகும். அதன்படி, வைத்திய பரிசோதனையில் தாம் செய்துவந்த வேலைக்குத் தகுதியற்றவர் எனக் காணப்பட்டவர், முதலாளியின் செலவில் சிகிச்சையும், அக்காலம் முழுவதற்கும் முழுச் சம்பளமும் பெறவேண்டியவராயிருந்தார். சிகிச்சை முடிந்தும் தகுதியற்றவராகவே இருந்து, அதற்குத் தொழிலே நேர்க்காரணமெனில், அவரால் இயலக்கூடிய வேறு வேலை சுரங்கத்திலேயே தரப்படவேண்டியிருந்தது. அவ்வேலை உடனே இல்லையெனில் இயலாமைப் படியும், அவராகவே விலக விரும்பினால் மொத்தத் தொகையும் உரியவையாயிருந்தன. கட்டமைப்பின் அழகில் இதை மிஞ்சிய விதி இந்தியச் சட்டங்களில் அரிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆனால் இது வேலையிலிருப்பவரின் சட்டம்.

இங்கே ஒப்புநோக்கத்தக்கது 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது மக்கள் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது. அதில் நோயுற்றவருக்கு ஆண்டொன்றில் 91 நாள் வரை சம்பளத்தின் நூற்றுக்கு எழுபது வீதம் உதவியும், க்ஷயம் முதலிய நீடித்த நோய்களுக்கு இரண்டாண்டு வரை எண்பது வீத நீட்டிப்பும் உண்டு. தொழிலால் நேர்ந்த தற்காலிக இயலாமைக்குத் தொண்ணூறு வீதமும், அது நிரந்தரமென வைத்தியக் குழு தீர்ப்பளித்தால் ஆயுள் முழுவதும் மாதத் தொகையும் உண்டு. படிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருப்பதும், கடைசிப் படி ஆயுட்கால உதவியாக இருப்பதும் இதன் சிறப்பு. ஆனால் தொழிற்சாலை என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த இலக்கணத்திலேயே சுரங்கம் விலக்கப்பட்டிருந்தது. ஆதலால் பெங்களூரில் நெசவாலைத் தொழிலாளருக்குக் கிடைத்த ஆயுட்தொகை, அவ்வூருக்கு நூறு கிலோமீட்டர் தொலைவில் தரையடியில் வேலை செய்தவருக்குக் கிட்டவில்லை. அவருடைய உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் கம்பெனியோடும் நின்றது.

அக்கம்பெனி கைமாறிக்கொண்டேயிருந்தது. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத முடிவில் சுரங்கம் மூடப்பட்டபோது, மாற்று வேலை தருவதற்குச் சுரங்கமே இல்லையாய்விட்டது. இளைஞர் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி நாள்தோறும் பெங்களூர் சென்று ஜீவனம் செய்யத் தொடங்கினர், இரைப்புள்ளவர் வீட்டிலிருந்தனர். சுரங்கத் தொழிலாளர் ஆரோக்கிய ஆராய்ச்சிக்கென 1990-இல் தோன்றித் தங்கவயலில் இயங்கிய தேசிய நிலையமும் நாகபுரிக்குச் சென்று, 2019-இல் ஆமதாபாத் தொழில் ஆரோக்கிய நிலையத்தோடு இணைந்தது.

வேலையை விட்டபின் நோய் வெளிப்பட்டாலும் ஈடு உண்டு என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பின்னர்த் திருத்தமாக ஏற்றுக்கொண்டது; பல முதலாளிகளிடம் வேலை செய்தவருக்கு அவர்கள் பங்கிட்டுத் தரவேண்டுமென்றும் கூறிற்று. எனினும் 10-ஆம் பிரிவு, கோரிக்கையை இரண்டாண்டுக்குள் கொண்டுவர வேண்டுமென்றது. வேலையை விட்டு இரண்டாண்டுக்குள் அறிகுறி தோன்றினால் அது முதலில் தெரியவந்த நாளையே விபத்து நாளாகக் கொள்ளவும் சொன்னது. பத்தாண்டு கழித்து முற்றும் நோய்க்கு இரண்டாண்டு எல்லை வைத்தல் எங்ஙனம் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கமிஷனருக்கு இருந்ததாயினும், தமக்குள்ள நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர் என்பதை எவரும் சொல்லாதிருக்கையில், கமிஷனரிடம் போகவேண்டுமென்பதே தொழிலாளருக்குத் தெரிந்திருக்க வழியிருக்கவில்லை.

இன்று அத்தகையோருக்கு எஞ்சியிருப்பவை பொதுவான உதவிகளே. 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தர முழு இயலாமைக்கு ஓய்வூதியம் இருக்கிறது, ஆனால் அவ்வியலாமை பணிக்காலத்திலேயே நேர்ந்திருக்க வேண்டும். 2014 முதல் அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிட்டுள்ளது. சிலிகோசிஸ் அவற்றுள் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 வீத இயலாமைச் சான்று வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். கல்லுடைக்கும் தொழிலாளர் மிகுந்த ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் இந்நோய்க்கெனத் தனிக்கொள்கை வகுத்து, நோய் உறுதியானதும் மூன்று லட்சம் ரூபாயும், மாத ஓய்வூதியமும், இறந்தபின் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் தரும் முறையைக் கைக்கொண்டது. அங்கே எந்த முதலாளியிடம் எந்த ஆண்டு வேலை செய்தார் என்ற வழக்கில் நோயாளி சிக்கவேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவிலும் 2019-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, 1965-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பின் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்து நோயுற்றோருக்கும், இறந்தோரின் குடும்பத்தாருக்கும் கம்பெனிகள் அமைத்த நிதியிலிருந்து ஈடு வழங்கப்படுகிறது. 1923-ஆம் ஆண்டின் சட்டத்தை இந்தியாவின் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டபோது, அரைமாத உதவியும் மொத்தத் தொகையும் ஆகிய இரு படிகளையும் அவ்வாறே எடுத்துக்கொண்டது.